விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு: கமடோர் 64-இல் முதலில் எதைச் சந்தேகிப்பது?

பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த கமடோர் 64 என்னும் 1980-களின் வீட்டுக் கணினி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடவே வந்த பழைய அடாப்டரைச் செருகி, டிவியோடு இணைத்து, சுவிட்சைப் போட்டீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தது; திரை கறுப்பாகவே நின்றது. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதே கதை. இப்போது, "கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றிவிடட்டுமா, அல்லது பிஎல்ஏ சிப் ஒன்றை வாங்கிப் பொருத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இப்போது வேண்டாம். எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் அந்த பிஎல்ஏவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான வேண்டுகோள்: நான்காவது முறை அந்த சுவிட்சைத் தொடாதீர்கள்.

அந்த அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கல் மாதிரி கனக்கும். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு ரெகுலேட்டரும் இருக்கின்றன. இரண்டையும் சுற்றி ரெசினை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். பயன்பாட்டில் இருந்த காலம் முழுவதும் அந்த ரெகுலேட்டர் தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது. சாதாரணமாக ஒரு மின்சாதனம் கெட்டால் மின்சாரம் வராமல் போகும், நமக்கும் விஷயம் புரிந்துவிடும். இந்த அடாப்டர் கெடும் விதம் வேறு. 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் 6, 7 என்று ஏறத் தொடங்கும். கணினிக்குள் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. சிப்களுக்கு ஏற்ற அளவு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான். அதற்கு மேல் போனால் முதலில் பலியாவது பெரும்பாலும் தற்காலிக நினைவகமான ராம். விளக்கு மட்டும் வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். அது எரிவதை வைத்து "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே முதல் வேலை அளப்பது. அடாப்டரைக் கணினியிலிருந்து பிரித்துவிட்டு, ஏழு முள் செருகியில் மல்டிமீட்டரை வையுங்கள். 2-ஆம் முள் தரை, 5-ஆம் முள் 5 வோல்ட் நேர்மின்சாரம். 6-க்கும் 7-க்கும் இடையே 9 வோல்ட் மாறுமின்சாரம். சுமை இல்லாதபோது இது 10, 11 என்று காட்டினாலும் கவலையில்லை. 5 வோல்ட் கம்பியில் 5.25-க்கு மேல் காட்டினால் அந்த அடாப்டரின் ஆயுள் முடிந்தது. சரியாக 5.0 காட்டினால்? அப்போதும் நான் அதை நம்ப மாட்டேன். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக நடந்துகொண்டு, அரை மணி நேரச் சூட்டுக்குப் பிறகு ஏறும் அடாப்டர்கள் உண்டு. ரெசினை உடைத்துப் பழுதுபார்ப்பதும் நேரத்துக்கு ஏற்ற வேலை அல்ல. இந்தக் கணினிக்கென்றே இப்போது புதிதாகச் செய்யப்படும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கைப்பேசி சார்ஜரும் 5 வோல்ட்தானே தருகிறது, அதை இணைத்துவிடலாமே என்று தோன்றும். போதாது. அந்த 9 வோல்ட் மாறுமின்சாரத்திலிருந்துதான் ஒலிச் சிப்பான சிட்டுக்கும், படம் காட்டும் விக் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட்டைப் பலகை தயாரித்துக்கொள்கிறது. பழைய பலகைகளில் விக் சிப்பின் 5 வோல்ட்டும் அதே வழியில்தான் வருகிறது. நாடா இயந்திரத்தின் மோட்டாரும் அதை நம்பியே ஓடுகிறது. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கலாம். 9 வோல்ட் பாதையில், சுவிட்சுக்கு அருகே ஒரு சிறிய கண்ணாடி ஃப்யூஸ் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிவதோ 5 வோல்ட் பாதையில். ஃப்யூஸ் போயிருந்தால் விளக்கு எரியும், படம் வராது. நீங்கள் சொன்ன அறிகுறியும் அதுதான். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அதைக் கழற்றி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். மெல்லிய கம்பி முனையில் மட்டும் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது: அது எப்படிப்பட்ட கறுப்பு? டிவி "சிக்னல் இல்லை" என்கிறதா, அல்லது சிக்னலை ஏற்றுக்கொண்டு கறுப்புப் படம் ஒன்றைக் காட்டுகிறதா? இந்த வேறுபாடு பாதி நோயை அடையாளம் காட்டிவிடும். சிக்னலே இல்லையென்றால் ஃப்யூஸ், 12 வோல்ட், விக் சிப், அதற்குத் துடிப்பு தரும் கடிகாரச் சுற்று ஆகிய பக்கம் பார்க்க வேண்டும். நிலையான கறுப்புப் படம் வருகிறதென்றால் விக் சிப் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு "நீல நிறம் காட்டு" என்று கட்டளையிட வேண்டிய பிராசசர் தன் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். ஆன்டெனா வழியாக டிவியில் அலைவரிசை தேடுவதை விட்டுவிட்டு, பின்புறம் உள்ள வட்டமான வீடியோ துளையிலிருந்து காம்போசிட் கேபிள் போட்டுப் பாருங்கள். படத்தை ஆன்டெனா அலைவரிசையாக மாற்றித் தரும் பழைய மாடுலேட்டரின் சிக்னலைப் புதிய டிவிகள் அடையாளம் காணாமல் விடுவதுண்டு.

சரி, திறக்கலாம். அடியில் மூன்று திருகுகள். மேல்மூடியை விசுக்கென்று தூக்காதீர்கள். கீபோர்டின் கேபிளும் விளக்கின் கம்பியும் பலகையோடு இணைந்திருக்கின்றன. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை ஒன்று பலகையை மூடியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சூட்டை உள்ளேயே தேக்குவதைத் தவிர உங்களுக்கு அது எந்த உதவியும் செய்யப்போவதில்லை. பலகையில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த முதல் வகைகளும் பின்னாளில் வந்த குறுகிய 250469 பலகையும் பெயரளவில் ஒரே கணினி என்றாலும் உள்ளே வேறு வேறு சிப்கள் கொண்டவை. முந்தையதில் எட்டு ராம் சிப்கள். பிந்தையதில் இரண்டே இரண்டு. கீழே நான் சொல்வதெல்லாம் முந்தைய நீளப் பலகையை மனத்தில் வைத்துத்தான்.

சாக்கெட்டில் இருக்கும் சிப்களை ஒவ்வொன்றாக மெதுவாகத் தூக்கி, கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மீண்டும் அழுத்துங்கள். நாற்பது ஆண்டுத் துரு ஒரு காலின் தொடர்பை மறைத்துவிட்டால் போதும், கணினி எழாது. எதையும் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பின் முனையில் உள்ள பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது திருப்பிப் பொருத்தும் நேரத்தில் நிச்சயமாக மறந்துபோகும். சிட் சிப் சாக்கெட்டில் இருந்தால் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். அது இல்லாமலும் கணினி எழும். ஒலி மட்டும் வராது. அசல் சிட் இப்போது யாரும் தயாரிக்காத சிப், அதைச் சோதனைக்களத்தில் நிறுத்துவானேன்?

நல்ல அடாப்டரைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்துக்கொண்டு சில இடங்களைத் தொடுங்கள். 6510 பிராசசரின் 6-ஆம் காலில் 5 வோல்ட் இருக்க வேண்டும். கழற்றிய சிட் சாக்கெட்டின் 28-ஆம் துளையில் 12 வோல்ட். பிராசசரின் 40-ஆம் கால் ரீசெட்; சுவிட்சைப் போட்டதும் சுமார் அரை நொடி பூஜ்யத்தில் நின்று பிறகு 5 வோல்ட்டுக்கு எழ வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றுவிட்டால் பிராசசரைக் குற்றம் சொல்லாதீர்கள், யாரோ அதைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள்: 556 டைமர் சிப் அல்லது அதையடுத்த 7406.

ராம் சிப்களை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. பலகையில் உள்ள சாதாரண 74 வரிசைச் சிப்களுக்குக் கடைசிக் காலில் 5 வோல்ட், எதிர் மூலையில் தரை. 4164 ராம் சிப்பிலோ நேர்மாறு: 8-ஆம் காலில் 5 வோல்ட், 16-ஆம் காலில் தரை. நான் முதன்முதலில் இவற்றை அளந்தபோது இது தெரியாமல், "எட்டுச் சிப்புக்கும் மின்சாரமே வரவில்லை" என்று முடிவுகட்டி, அறுந்தே போகாத ஒரு செப்புத் தடத்தை ஒரு மாலை முழுவதும் தேடினேன்.

மின்னழுத்தங்கள் சரியென்றால் ஒரு நிமிடம் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். விக் சிப் நன்றாகவே சுடும், அது இயல்பு. பிஎல்ஏ வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ராம் சிப்கள் எட்டும் ஏறத்தாழ ஒரே மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் அது செத்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் இதன் மறுபக்கம் உண்மையல்ல. குளிர்ச்சியாக இருந்துகொண்டே பொய் சொல்லும் ராம் சிப்களும் உண்டு. மைக்ரான் நிறுவனத்தின் எம்டி 4264 என்று முதுகில் எழுதியிருந்தால், பழுதுபார்ப்பவர்கள் அந்த வரிசையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

இனி பிஎல்ஏ. "கறுப்புத் திரையா, பிஎல்ஏவை மாற்று" என்பது இந்தக் கணினி வைத்திருப்பவர்களிடையே பழமொழி போல ஆகிவிட்டது. அதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தப் பிராசசரால் 64 கிலோபைட் முகவரிகளைத்தான் பார்க்க முடியும். அந்த இடம் முழுவதையும் ராம் நிரப்பியிருக்கிறது. அதோடு 8 கிலோபைட் பேசிக் மொழி, 8 கிலோபைட் கெர்னல் என்னும் அடிப்படை நிரல், 4 கிலோபைட் எழுத்துரு என்று 20 கிலோபைட் ரோமும் (அழியாத நினைவகம்), படம், ஒலி, கீபோர்டு ஆகியவற்றின் கட்டுப்பாட்டு இடங்களும் அதே முகவரிகளில்தான் குடியிருக்க வேண்டும். ஒரே வீட்டு எண்ணில் மூன்று குடும்பங்கள். கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் எந்தக் குடும்பம் வெளியே வர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பதினாறு உள்ளீடுகளும் எட்டு வெளியீடுகளும் கொண்ட பிஎல்ஏவின் வேலை. அது தடுமாறினால் கறுப்புத் திரை, சிதறிய எழுத்து, பாதியில் உறைதல் என எந்த அறிகுறியும் வரலாம். எல்லா நோய்க்கும் அதன்மேல் பழி விழுவதும் அதனால்தான். சிப்பின் மேல் எழுத்தைப் படியுங்கள். சிக்னெட்டிக்ஸ் 82எஸ்100 என்றிருந்தால் அதை எளிதில் சந்தேகிக்க மாட்டேன். கமடோரின் துணை நிறுவனமான மோஸ் தானே செய்த 906114 என்றால் சந்தேகப் பட்டியலில் முன்னே தள்ளுவேன். அப்போதும் வாங்கிப் போட்டுப் பார்ப்பது இரண்டாவது வேலையாகவே இருக்கட்டும்.

முதல் வேலைக்கு "டெட் டெஸ்ட்" என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜைக் கடன் வாங்குங்கள். நண்பர் யாரிடமும் இல்லையென்றால் அதன் நகலை விலைக்கே வாங்கலாம். அதன் சிறப்பு, கணினியின் சொந்த கெர்னல் ரோமை நம்பாமல் தன் நிரலைத் தானே ஓட்டுவது. அணைத்த நிலையில் செருகி, சுவிட்சைப் போட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். திரை ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கினால் எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை முறை ஒளிர்கிறதோ அதற்குரிய ராம் சிப் எது என்ற அட்டவணை அதன் கையேட்டில் இருக்கும். எட்டுச் சிப்களும் ஒவ்வொரு பைட்டிலும் ஆளுக்கு ஒரு பிட்டை வைத்துக்கொள்கின்றன. ஒன்று போனால் எல்லா பைட்டும் நொண்டும். ஆகவே எந்த பிட் தவறுகிறது என்று தெரிந்தால் சிப்பும் தெரிந்துவிடும். ஒளிராமல் சோதனைப் பக்கம் எழுந்து, ராம் எல்லாம் சரி என்று காட்டினால் கெர்னல் ரோம் பக்கம் திரும்புங்கள். கார்ட்ரிட்ஜைப் போட்டும் கறுப்பு மாறவில்லையென்றால்தான் பிஎல்ஏ, பிராசசர் என்று போக வேண்டும். பல பிட்கள் ஒரே சமயத்தில் தவறுவதுபோல் தெரிந்தால் ராமை விட்டுவிட்டு, அதற்கு முகவரியைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு 74எல்எஸ்257 சிப்களைப் பாருங்கள். மோஸ் 7708 என்ற பெயரில் அவை இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

கார்ட்ரிட்ஜ் கிடைக்காதவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல 4164 ஒன்றைச் சந்தேகப்படும் சிப்பின் முதுகில் அதே திசையில் ஏற்றி, கால்கள் கால்களைத் தொடும்படி உட்காரவைத்துப் பிறகு சுவிட்சைப் போடுவது. திரையில் மாற்றம் வந்தால் குற்றவாளி அகப்பட்டான். மாற்றம் இல்லையென்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. உள்ளே ஷார்ட் ஆன சிப் மேலே ஏறியவனையும் சேர்த்து இழுத்துவிடும்.

குற்றவாளி தெரிந்தபின் அதைக் கழற்றுவதுதான் உண்மையான ஆபத்து. ராம் சிப்கள் பெரும்பாலும் நேரடியாகப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். முழுச் சிப்பையும் காப்பாற்றிக் கழற்ற முயலாதீர்கள். மெல்லிய வெட்டுக்குறடால் பதினாறு கால்களையும் சிப்பின் உடலை ஒட்டி வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி இடுக்கியால் உருவுங்கள். துளையில் மிஞ்சும் பழைய ஈயம் உருகவில்லையென்றால் அதன்மேல் கொஞ்சம் புது ஈயத்தை வைத்தால் இளகும். பிறகு உறிஞ்சிக் குழலால் எடுங்கள். தரையோடு இணைந்த துளை சூட்டை விழுங்கும், அங்கே பொறுமை வேண்டும். இளகுவதற்கு முன் இழுத்ததால் இரண்டு துளைகளின் செப்பு வளையங்களைப் பிடுங்கி, பிறகு முடி போன்ற கம்பியால் ஒட்டுப்போட்ட பலகை ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் அதன் அடிப்பக்கத்தை யாருக்கும் காட்டுவதில்லை. காலியான இடத்தில் புதுச் சிப்பை நேராகப் பற்றவைக்காமல் நல்ல சாக்கெட் ஒன்றைப் பொருத்துங்கள்.

கெப்பாசிட்டர் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசவில்லை என்று நினைப்பீர்கள். அந்த அறிவுரை வேறு கணினிகளிலிருந்து வந்தது. அமிகா 600, 1200 பலகைகளில் மேற்பரப்பில் ஒட்டிய சிறு கெப்பாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிப்பது உண்மை. அமிகா 500 பிளஸ்ஸில் பேட்டரி கசிந்து பலகையைத் தின்பது உண்மை. பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர் வெடிப்புவிட்டுப் புகையைக் கக்குவதும் உண்மை. கமடோர் 64-இன் கெப்பாசிட்டர்கள் அப்படிக் கசிவது அரிது. ஓடாத பலகையில் இருபது கெப்பாசிட்டர்களை மாற்றினால், பழைய கோளாறோடு நீங்கள் பற்றவைத்த நாற்பது புதிய புள்ளிகளும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். கணினி எழுந்து, படத்தில் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீலத் திரை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் 38911 என்ற எண்ணைத் தேடுங்கள்; நம் நிரலுக்கு மிச்சமுள்ள பைட்டுகள் எத்தனை என்று திரை காட்டும் எண் அது. இந்தக் கணினி எழும்போது ராமைக் கீழிருந்து எழுதிப் படித்துச் சோதித்துக்கொண்டே போய், பேசிக் ரோம் தொடங்கும் 40960 என்ற முகவரியில் நிற்கிறது. நம் நிரலுக்கு இடம் தொடங்குவது 2049-இல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 38911. திரையில் அதைவிடக் குறைந்த எண் காட்டினால், எழுதியதைத் திருப்பித் தராத முகவரி ஒன்றில் சோதனை முன்கூட்டியே நின்றிருக்கிறது. அந்த முகவரியின் மதிப்பைக் கணக்கிட்டும் விடலாம்: காட்டிய எண்ணோடு 2049-ஐக் கூட்டினால் போதும்.

"ரெடி" என்ற சொல் வந்து கர்சர் மட்டும் சிமிட்டவில்லையென்றால் கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும் முதல் சிஐஏ சிப், அதாவது 6526, கோளாறாக இருக்கலாம்; கர்சரைச் சிமிட்டவைக்கும் குறிப்பு அதன் டைமரிலிருந்துதான் வருகிறது. கீபோர்டில் வரிசையாகச் சில விசைகள் ஒன்றாக வேலை செய்யாவிட்டாலும் அதே சிப். ஜாய்ஸ்டிக் துளையின் முட்களை வறண்ட கையால் தொட்டாலே நிலைமின்சாரம் அதைக் கொல்லக்கூடும். நல்லவேளையாகப் பலகையில் அதே 6526 இரண்டு இருக்கின்றன. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள்; கீபோர்டு குணமாகி டிஸ்க் டிரைவ் பேசாமல் போனால் எந்தச் சிப்பை வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில விசைகள் மட்டும் மசியவில்லையென்றால் சிப்பைத் தொடாமல், விசைகளின் அடியில் உள்ள கரிப் பொட்டுகளை ஆல்கஹாலில் துடையுங்கள்.

கடைசியாக சிட்டைத் திருப்பிப் பொருத்தும்போது அதன் எண்ணைப் பாருங்கள். 6581-க்கு 12 வோல்ட். பின்னாளில் வந்த 8580-க்கு 9 வோல்ட். யாராவது 8580 ஒன்றைத் தந்து, "இதையும் போட்டுப் பாருங்களேன்" என்றால் உங்கள் பலகையில் போடாதீர்கள்.

உறையின் மஞ்சள் நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் வெளுக்கும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரக்கூடும். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

அடுத்து எழுதும்போது நான்கு விவரங்களைத் தாருங்கள்: பலகையின் எண், பழைய அடாப்டர் காட்டிய வோல்ட், டிவி சொன்னது "சிக்னல் இல்லை" என்றா அல்லது வெறும் கறுப்பா, ராம் மற்றும் பிஎல்ஏ சிப்களின் முதுகில் எழுதியிருப்பது என்ன. ஃப்யூஸ்தான் காரணம் என்று தெரிந்தால் உடனே புதியதைப் போட்டு ஓட்டாமல் அதையும் எழுதுங்கள். அது காரணமில்லாமல் போயிருக்காது; 9 வோல்ட் பாதையில் வேறு எங்கோ ஷார்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.